ஒரு மேசை, ஐந்து தட்டுகள்: வேலை முடிந்த பிறகு நான்கு கைவேலைகள்

சுவரோடு மடியும் மேசையும் அதன் பக்கத்தில் ஐந்து தட்டுகள் செருகிய அடுக்கும் இப்போது முழுசாகப் பயன்பாட்டுக்கு வந்துவிட்டன. லினோ அச்சு (லினோலியம் தகட்டைச் செதுக்கி, மை உருட்டித் தாளில் எடுப்பது), புத்தகம் கட்டுதல், சயனோடைப் எனப்படும் நீல அச்சு, நீர்வண்ணம் என்று நான்கு கைவேலைகள் எனக்கு உண்டு. பகலெல்லாம் அலுவலகம். வார நாட்களில் மிஞ்சுவது ராத்திரி ஒரு மணி நேரம், காலையில் ஒரு அரைமணி. இதை வைத்துக்கொண்டு நான்கில் எதையும் கைவிடாமல் ஏதாவது ஒன்றை முடித்துக் கையில் எடுக்க முடியுமா என்று பார்க்கத்தான் இந்த மேசை. முடிகிறது. எப்படிச் செய்தேன், என்ன அளவு, எது இடித்தது, அடுத்த முறை எதை மாற்றுவேன் என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

பலகையைத் தொடுவதற்கு முன்னால் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். லினோ வேலைக்கு உட்கார வேண்டுமானால் கண்ணாடிப் பலகை, ரோலர், மை, பழைய செய்தித்தாள், விளக்கு எல்லாவற்றையும் வெவ்வேறு பெட்டிகளிலிருந்து எடுத்துப் பரப்பவே 20 நிமிடம் போனது. துடைத்துத் திரும்ப வைக்க இன்னொரு 25. ஒரு மணி நேரத்தில் உளி லினோவைத் தொட்டது கால் மணி நேரம்தான். புத்தகம் கட்டுவதிலும் இதே கதை. நீர்வண்ணத்துக்கு மட்டும் 5 நிமிடம் போதும். அதனால்தான் மற்ற மூன்றும் பரணில் கிடக்க, நீர்வண்ணம் மட்டும் உயிரோடு இருந்தது. பல பொழுதுபோக்குகள் வைத்திருப்பவர்களிடம் "ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்" என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. கடிகாரம் காட்டியது வேறு: ஆசைகள் அதிகமாக இருப்பது பிரச்சினையே இல்லை, பொருள்களை எடுத்து வைப்பதில்தான் நேரமெல்லாம் கரைகிறது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. இந்த நான்கில் மூன்று வேலைகளில் பாதி நேரம் சும்மா காத்திருப்பதுதான். எண்ணெய் மையில் அடித்த அச்சு காய நாட்கணக்கில் ஆகும். பசை போட்ட அட்டை ராத்திரி முழுக்கப் பாரத்தின் கீழ் கிடக்க வேண்டும். நீல அச்சுக்குக் கரைசல் பூசிய தாள் இருட்டில் உலர வேண்டும். ஒரே வேலையை மட்டும் செய்பவருக்கு இந்தக் காத்திருப்பு எரிச்சல். நான்கு வேலை இருப்பவருக்கு ஒன்று காயும் நேரம் இன்னொன்றின் வேலை நேரம். ஆனால் நடுவில் நிற்கும் நான்கு வேலைகளும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க இடம் வேண்டும். அதற்குத்தான் தட்டுகள்.

மேசை

பலகை 900 × 500 மி.மீ., 18 மி.மீ. பிளைவுட். எடை ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும், ஒரு கையால் தூக்கி மடிக்கலாம். சுவரில் முதலில் 900 × 75 × 25 மி.மீ. மரச்சட்டம் ஒன்றை அடித்தேன். அதன் மேல்விளிம்பில் பலகையின் முழு நீளத்துக்கும் பியானோ கீல். கீலுக்கு 16 மி.மீ. திருகுதான். 18 மி.மீ. பலகையில் 20 மி.மீ. திருகு போட்டால் முனை மறுபக்கம் எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு துளைக்கும் முன்னால் 2 மி.மீ. பிட்டால் வழி போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் பிளைவுட்டின் ஏடு பிளக்கும்.

சட்டத்தைச் சுவரில் பிடிக்க 8 மி.மீ. கான்கிரீட் பிட், பிளாஸ்டிக் பிளக், 60 மி.மீ. திருகு. சட்டத்தின் தடிமன் 25 போக 35 மி.மீ. சுவருக்குள் இறங்கும். சாந்துப் பூச்சு தாண்டிச் செங்கல்லைப் பிடிக்க இது தேவை. துளை போட்டதும் உள்ளே உள்ள தூசியை ஊதி எடுக்காவிட்டால் பிளக் முழுசாக உட்காராது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டே ஊதுங்கள்.

மேசைக்குக் கீழே இரண்டு மடக்குத் தாங்கிகள், ஒவ்வொன்றின் கையும் 400 மி.மீ. இங்கே மட்டும் ஒரு சின்னக் கணக்கு போட்டேன். லினோ அச்சு எடுக்கும்போது உடம்பின் பாரத்தைக் கொடுத்து அழுத்துவேன். சுவரிலிருந்து 450 மி.மீ. தள்ளி 30 கிலோ அழுத்தம் விழுந்தால், 150 மி.மீ. உயரமுள்ள தாங்கியின் மேல் திருகில் 30 × 450 ÷ 150, அதாவது 90 கிலோ இழுவை. இரண்டு தாங்கிகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு 45. கீழ்த்திருகு சுவரோடு அமுங்கும், மேல்திருகுதான் பிடுங்கப்படும். ஆகவே தாங்கியோடு உறையில் வந்த குட்டைத் திருகுகளை ஒதுக்கிவிட்டு மேல் துளைகளுக்கு நீளத் திருகு போட்டேன். இன்றுவரை ஆட்டம் இல்லை.

ரசமட்டம் வைத்துச் சட்டத்தை நேராக அடித்த பிறகும், பலகை முன்பக்கம் 4 மி.மீ. தாழ்ந்தது. தாங்கியின் மடிப்பு மூட்டில் இருந்த தளர்ச்சிதான் காரணம். தாங்கியின் கைக்கும் பலகைக்கும் நடுவே முன்நுனியில் அட்டைத் துண்டுகளைச் செருகி மட்டம் பார்த்து, பிறகு அதே தடிமனில் பிளைவுட் சீவல் ஒன்றை ஒட்டிவிட்டேன். நீர்வண்ணத்துக்கு இது முக்கியம். மேசை சரிந்திருந்தால் ஈர வண்ணம் நாம் நினைத்த இடத்தில் நிற்காது.

மேல்பரப்பை 120ஆம் எண் உப்புத்தாள், பிறகு 220, அதன்மேல் மூன்று பூச்சு பாலியூரிதேன். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே 320ஆம் எண்ணால் லேசாகத் தேய்த்தேன். இந்தப் பூச்சு இருப்பதால் மை சிந்தினால் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு போதும்.

உயரம் 740 மி.மீ. உட்கார்ந்து தைக்கவும் வரையவும் சரி. நின்றுகொண்டு அச்சு தேய்க்க இது தாழ்வு, முதுகு வலிக்கும். அதனால் பக்கத்து அடுக்கை 900 மி.மீ. உயரத்தில் செய்து அதன் தலையை நின்று வேலை பார்க்கும் மேடையாக்கினேன். ஒரே மேசையில் எல்லாவற்றையும் செய்யப் பார்ப்பதைவிட இரண்டு உயரங்கள் கையில் இருப்பது நல்லது.

தட்டுகள்

ஐந்து தட்டுக்கும் உள்ளளவு ஒன்றுதான்: 440 × 320 மி.மீ. ஏ3 தாள் 420 × 297 என்பதால் விரல் நுழைத்துத் தாளைத் தூக்க நான்கு பக்கமும் சுமார் ஒரு சென்டிமீட்டர் மிஞ்சும். பக்கங்கள் 9 மி.மீ. பிளைவுட், அடி 4 மி.மீ. வெளியளவு 458 × 338. கடையில் ஒன்பது என்று கொடுக்கும் பலகையைக் காலிபரில் அளந்தால் எனக்கு எட்டரைதான் இருந்தது. வரைபடத்தில் உள்ளதை நம்பி வெட்டாமல், முதல் தட்டை ஒட்டி முடித்து அதை அளந்த பிறகே அடுக்கின் அகலத்தை முடிவு செய்யுங்கள்.

மூன்று தட்டுகளின் உயரம் 80, இரண்டுக்கு 120. நீல அச்சின் புட்டிகள் நிமிர்ந்து நிற்க 120 வேண்டியிருந்தது. இன்னொரு 120 வெறும் தட்டு. அதைப் பற்றிப் பிறகு.

அடுக்கின் பக்கப்பலகைகள் 12 மி.மீ. பிளைவுட், 888 × 340, இரண்டு. நடுவே 462 மி.மீ. இடைவெளி, அதாவது தட்டுக்கு இரு பக்கமும் 2 மி.மீ. விடுதலை. தட்டுகள் ஓட 12 × 12 மி.மீ. ரீப்பர்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அதன் உயரம், மேலே ரீப்பருக்கு 12, தூக்கி இழுக்க 6 என்று கூட்டினால் ஐந்துக்கும் சேர்த்து 570 மி.மீ. கீழே மிஞ்சிய 294 மி.மீ. அறையில் பாரக்கற்களும் அழுத்துப் பலகைகளும்.

ரீப்பர்களை அளந்து அளந்து ஒட்டாதீர்கள். இடதில் ஒரு மி.மீ. வலதில் ஒரு மி.மீ. என்று மாறினாலே தட்டு ஆடும். இரண்டு பக்கப்பலகைகளையும் புத்தகம் போலப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, மூலைமட்டம் வைத்து இரண்டுக்கும் சேர்த்து ஒரே கோடு இழுத்தேன். ரீப்பருக்குப் பசை போட்டுச் சின்ன ஆணியால் பிடித்தேன். ஓர் உதிரி பிளைவுட் துண்டை இடைவெளி அளவுக்கு வெட்டி, அதை முட்டுக்கொடுத்து அடுத்த ரீப்பரை உட்கார வைத்தால் டேப்பே தேவையில்லை.

ஈரக்காற்று அடித்த ஒரு வாரத்தில் இரண்டு தட்டுகள் இறுகின. இழைக்கலாம் என்று இழைப்புளியைக் கையில் எடுத்தேன், ஆனால் அகலத்தில் இன்னும் இடம் இருந்தது. ரீப்பர் மேல் அடித்த வார்னிஷ்தான் பிசுபிசுத்தது. அதை உப்புத்தாளால் எடுத்துவிட்டு வெறும் மரத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தேன். இப்போது சுண்டுவிரலால் இழுத்தால் வருகிறது. ஓடும் பரப்புக்கு வார்னிஷ் வேண்டாம், மெழுகு போதும்.

செலவில் பாதிக்கு மேல் இரும்புச் சாமான்கள்: தாங்கி, கீல், திருகு, கைப்பிடி. பிளைவுட் அத்தனை இல்லை. வெட்டிக் கொடுக்கும் இடங்களில் கிடக்கும் துண்டுகளிலேயே தட்டுகளின் பக்கங்கள் முழுவதும் வந்துவிடும், ஏனென்றால் அதில் நீளமான துண்டே 458 மி.மீ.தான். ரம்பத்தின் தகடு ஒவ்வொரு வெட்டுக்கும் 3 மி.மீ. வரை தின்னும். வெட்டுப் பட்டியலில் அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

மிஞ்சிய துண்டுகளில் செய்த ஒரு சின்ன உருப்படிதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. 250 × 200 மி.மீ. பலகை. அதன் கிட்டத்து விளிம்பில் கீழ்ப்பக்கம் ஒரு ரீப்பர், தூரத்து விளிம்பில் மேல்பக்கம் ஒரு ரீப்பர். கீழ் ரீப்பர் மேசை விளிம்பைக் கவ்வும், மேல் ரீப்பர் லினோவைத் தடுக்கும். லினோவைத் திருப்பித் திருப்பி அதில் முட்டக்கொடுத்துச் செதுக்கலாம். இடது கை எப்போதும் உளிக்குப் பின்னால்தான் இருக்கும். பிடித்திருக்கும் கை உளிக்கு முன்னால் இருந்தால்தான் கை வெட்டுப்படும். செய்ய அரைமணி நேரம்.

எந்தத் தட்டில் என்ன

ஒவ்வொரு தட்டும் தானே முழுசாக இருக்க வேண்டும் என்பது விதி. கத்தரிக்கோல், பென்சில், இரும்பு ஸ்கேல், துணி ஆகியவை நான்கு தட்டிலும் தனித்தனியாக உண்டு. வீண் செலவு போலத் தெரியும். ஆனால் பக்கத்துத் தட்டிலிருந்து ஸ்கேலைக் கடன் வாங்கத் தொடங்கினால் ஒரே வாரத்தில் பழைய குழப்பம் திரும்பிவிடும். நீல அச்சுத் தட்டில் உள்ள அளவைக் குவளையும் தூரிகையும் வேறு எதற்கும் வெளியே போகக் கூடாது, அது பாதுகாப்புக்காகவும்தான்.

இனி அந்த வெறும் தட்டு. நடுவில் நிற்கும் வேலை எதுவோ அது மட்டும் அதில் இருக்கும். பாதி தைத்த புத்தகம், ஊசி நூலோடு அப்படியே. கூடவே ஒரு சீட்டு. அதில் அடுத்துச் செய்ய வேண்டியதை வினைச்சொல்லோடு எழுத வேண்டும். "புத்தகம்" என்று எழுதினால் பயன் இல்லை. "நாலாவது ஃபாரத்தின் தலைத்துளையிலிருந்து தை" என்று (ஃபாரம் என்பது சேர்த்து மடித்த தாள்கட்டு) எழுதினால், எட்டு மணி நேரம் வேறு சிந்தனையில் இருந்துவிட்டு வரும் மூளைக்கும் கை எங்கே போக வேண்டும் என்று தெரியும். இருக்கும் ஏற்பாட்டில் மரம் தேவைப்படாத பகுதி இது ஒன்றுதான், பலனில் பாதி இதனால்தான். ரஷ்ய இசையமைப்பாளர் அலெக்சாண்டர் போரோதின் வேதியியல் பேராசிரியர். இசை அவருக்கு ஓய்வு நேர வேலை. 1869இல் தொடங்கிய ஓபெராவை 1887இல் இறக்கும்போது முடிக்காமல்தான் விட்டுப் போனார். ரிம்ஸ்கி-கோர்சகோவ், கிளாசுனோவ் என்ற வேறு இரண்டு இசையமைப்பாளர்கள் சேர்ந்து முடித்தார்கள். வேலை பார்த்துக்கொண்டே கலை செய்பவருக்கு முடியாத வேலை எப்போதும் ஒன்று இருந்துகொண்டேதான் இருக்கும். அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கி வைப்பது நியாயம் என்றே நினைக்கிறேன்.

சோதனை: நான்கும் சேர்ந்து ஒரு நோட்டுப் புத்தகம்

மேசை வேலை செய்கிறதா என்று பார்க்க நான்கு கைவேலைகளும் ஒன்றாக வரும் ஒரு பொருளைத் தேர்ந்தேன். ஏ5 நோட்டுப் புத்தகம், ஆறு ஃபாரம், 96 பக்கம். மேலட்டைத் தாள் லினோ அச்சு. அட்டையின் உள்பக்கம் ஒட்டும் எண்ட் பேப்பர் நீல அச்சு. முதல் பக்கத்தில் நீர்வண்ணம்.

வரிசைதான் இதில் எல்லாம். எண்ணெய் மை முழுசாகக் காயாமல் அந்தத் தாளில் பசை போட்டால், தேய்க்கும் கையோடு மையும் வரும். ஆகவே அச்சு முதலில்.

லினோ 3.2 மி.மீ. தடிமன். ஆளி விதை எண்ணெய், தக்கைத் தூள் இவற்றைச் சணல் துணிமேல் பரப்பிச் செய்வது. குளிர்ந்து கிடந்தால் உளிக்கு முறுக்கும், பொடிப்பொடியாக உடையும். முடி உலர்த்தியால் இரண்டு நிமிடம் சூடு காட்டினால் வெண்ணெயாக வெட்டுப்படும். படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி மாற்ற வேண்டும். எழுத்து இருந்தால் கட்டாயம். ராத்திரி பத்து மணிக்கு மேல், களைப்போடு, உளியைத் தொடுவதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட ராத்திரிகளுக்கு நூலுக்கு மெழுகு தடவுவது, தாள் மடிப்பது, வண்ணத்தட்டைத் துடைப்பது என்று வேறு வேலைகள் இருக்கின்றன.

மை உருட்டுவதில் கண்ணைவிடக் காது உதவும். கண்ணாடியில் மை கனமாக இருந்தால் ரோலர் சளசளவென்று ஈரமாக ஒட்டிப் பிரியும், மேலே ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடுபள்ளம் தெரியும். உருட்ட உருட்ட அந்தச் சத்தம் அடங்கி மெல்லிய "ஸ்ஸ்" என்று வரும். பரப்பு பட்டுபோல் ஆகும். அப்போதுதான் லினோவுக்குக் கொண்டு போக வேண்டும். மெலிதாக மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் ரோலரின் திசையை மாற்றி. அடுக்கின் தலையில் லினோவை வைத்து, மேலே தாளை இறக்கி, மரக்கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து வெளியே தேய்த்தேன். தாளின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மறுமூலையைத் தூக்கிப் பார்க்கலாம். வெளிறிய இடத்தில் மறுபடி தேய்க்கலாம். அச்சுகள் கிளிப்பில் தொங்கின. தினமும் ஓரத்தில் ஒரு வெள்ளைத் துண்டுத் தாளை அழுத்திப் பார்த்து, மை ஒட்டாத நாளில் இறக்கினேன்.

அவை தொங்கிய நாட்களில் நீல அச்சு. வேலைக்குப் போகிறவருக்கென்றே ஏற்பட்டதுபோல ஒரு செய்முறை இது. ராத்திரி பூசலாம், காலையில் வெயில் காட்டலாம். ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்தது. அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இந்த முறையில் படமெடுத்துப் புத்தகமாக வெளியிடத் தொடங்கினார். அளவு எளிது: 100 மி.லி. தண்ணீரில் 25 கிராம் ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் ஒரு புட்டி, 100 மி.லி.யில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு இன்னொரு புட்டி. தனித்தனியாக, பழுப்பு நிறப் புட்டிகளில் வைத்தால் நாள்பட இருக்கும். கலந்தால் அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும். சம அளவு எடுத்துக் கலக்கி, மஞ்சள் குண்டு பல்பு வெளிச்சத்தில் பஞ்சுத் தூரிகையால் முதலில் குறுக்கே, உடனே நெடுக்கே பூசினேன். கையுறை கட்டாயம். இந்தக் கரைசலின் அருகில் வலுவான அமிலம் எதுவும் வரக் கூடாது. பூசிய தாள் மூடிய தட்டுக்குள் இருட்டில் உலர்ந்தது.

காலையில் குளிப்பதற்கு முன்னால் தாளின் மேல் இலைகளைப் பரப்பி, படச்சட்டத்தின் கண்ணாடியால் அழுத்திக் கிளிப் போட்டு வெயிலில் வைத்தேன். நேரத்தை விட நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் கலந்த பச்சை முதலில் நீலமாகும், பிறகு சாம்பல் ஏறும், கடைசியில் ஓரங்களில் வெண்கலப் பளபளப்பு வரும். அங்கே நிறுத்த வேண்டும். நல்ல வெயிலில் 10 முதல் 15 நிமிடம். கழுவும்போது நீலம் வெளிறி வழிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கொஞ்சம் அதிகமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு நேரம் காட்டுகிறோம். முதல் தண்ணீரில் ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம் சேர்த்தேன். காரத்தன்மை உள்ள தண்ணீர் இந்த நீலத்தைத் தின்றுவிடும். இரண்டு தாள்களில் வெள்ளைப் பகுதிகள் ஒரு வாரம் கழித்து வெளிர்நீலமாக மங்கின. அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது என்று கழுவுவதைச் சீக்கிரம் முடித்த தாள்கள் அவை. உள்ளே தங்கிய கரைசல் மெல்ல மெல்லத் தானும் நீலமானது. வெள்ளையில் மஞ்சள் சாயல் துளியும் இல்லாமல் போகும்வரை கழுவ வேண்டும். காலையில் அவசரம் என்றால் வெயில் காட்டுவதை நாளைக்குத் தள்ளலாம், கழுவுவதைக் குறைக்கக் கூடாது. நீலம் முழு ஆழத்துக்கு வர ஒரு நாள் ஆகும். பலத்த வெளிச்சத்தில் நாள்பட மங்கக்கூடிய நீலம் இது. புத்தகத்தின் உள்தாளாக, இருட்டில் மூடிக் கிடப்பது அதற்குப் பொருத்தமான இடம்.

தையலுக்கு வருவோம். தாளின் இழை ஓட்டம் புத்தகத்தின் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புத்தகம் திறந்து படுக்காது, பசை பட்டதும் அலை அலையாக வளையும். சாதாரண ஏ4 தாளில் இழை நீளவாக்கில் ஓடுவதால், அதை மடித்து ஏ5 ஆக்கினால் இழை குறுக்காகிவிடும். வழி இருக்கிறது: இழை நீளவாக்கில் உள்ள ஏ3 வாங்கிப் பாதியாக வெட்டுங்கள். அந்த ஏ4இல் இழை அகலவாக்கில் வரும், மடித்தால் முதுகுக்கு இணையாகிவிடும். சந்தேகம் வந்தால் தாளை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ, மடிப்பு அந்த வாக்கில்.

நான்கு தாள் ஒரு ஃபாரம், 16 பக்கம். மடித்து, ராத்திரி முழுக்கப் பாரம். ஒரு அட்டைத் துண்டில் துளைகளின் இடத்தைக் குறித்துக்கொண்டு எல்லா ஃபாரத்துக்கும் அதையே வைத்துக் குத்தூசியால் குத்தினேன். தலையிலும் அடியிலும் 15 மி.மீ. உள்ளே கடைசித் துளைகள். நூலின் நீளம், முதுகின் உயரத்தை ஃபாரங்களின் எண்ணிக்கையால் பெருக்கிக் கொஞ்சம் கூட்டியது: 210 × 6, ஒன்றரை மீட்டர் எடுத்தேன். தேன்மெழுகில் இரண்டு முறை இழுத்த லினன் நூல். இறுக்கும்போது நூலை முதுகின் வாக்கிலேயே இழுக்க வேண்டும், செங்குத்தாக இழுத்தால் தாள் கிழியும். தையலை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், ஆனால் ஒரு ஃபாரம் முடிந்து முடிச்சு விழுந்த இடத்தில் நிறுத்துவது நல்லது. வெறும் தட்டு இங்கேதான் கைகொடுத்தது.

பசை போடும் வேலையை மட்டும் வார நாளில் செய்யவில்லை. பிவிஏ பசை சீக்கிரம் பிடிக்கும், நடுவில் எழுந்து போக முடியாது. 2 மி.மீ. அட்டை, தாளைவிட மூன்று பக்கமும் 3 மி.மீ. பெரிசு, ஆகவே உயரம் 216. முதுகுக்கும் அட்டைக்கும் நடுவே 7 மி.மீ. பள்ளம். மேலே அச்சுத் தாளை ஒட்டியதும் அட்டை வெளிப்பக்கமாகக் குழியத் தொடங்கும். உள்ளே நீலத் தாளை ஒட்டியதும் அது எதிர்ப்பக்கம் இழுத்துச் சமனாகும். நடுவே மெழுகுத் தாள் வைத்து, ராத்திரி முழுக்க எட்டுப் பத்துக் கிலோ பாரம். மறுநாள் எடுத்தபோது அட்டை நேராக இருந்தது.

முதல் பக்க நீர்வண்ணத்தில் ஒரு பாடம். நோட்டுத் தாள் 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 100 கிராம்). ஈரம் பட்டால் சுருளும். 300 ஜிஎஸ்எம் தாளில் தனியாக வரைந்து, உலர்ந்த பிறகு மூன்று மி.மீ. பசைக்கோட்டில் முதல் பக்கத்தில் ஒட்டினேன். தையலுக்கு முன்பே வரைந்து வைத்துக்கொண்டால், முதல் ஃபாரத்தோடு சேர்த்துத் தைத்தே விடலாம். அடுத்த புத்தகத்தில் அப்படித்தான்.

மாற்றப்போவது

எடுத்து வைக்க இப்போது மூன்று நான்கு நிமிடம். லினோவுக்கு மட்டும் துடைக்கும் நேரம் குறையவே இல்லை, ரோலரையும் கண்ணாடியையும் சமையல் எண்ணெய்த் துணியால் துடைத்துப் பிறகு சோப்புப் போட 15 நிமிடம் ஆகத்தான் செய்கிறது. அதனால் மையைத் திறந்தால் அன்று நிறைய அச்சு எடுத்துவிடுகிறேன். செதுக்குவதைச் சின்னச் சின்ன ராத்திரிகளுக்குப் பிரித்துக்கொள்கிறேன்.

தட்டின் அடிக்கு 4 மி.மீ. போதவில்லை. புத்தகத் தட்டில் பாரம் ஏறி நடுவில் தொய்ந்துவிட்டது. கீழிருந்து அடித்த ஆணிகளும் நெகிழ்கின்றன. அடுத்ததை 6 மி.மீ. அடியோடு, பக்கப்பலகையில் பள்ளம் எடுத்து அதில் செருகிச் செய்வேன். தாங்கியின் கை 400 மி.மீ. என்பதால் மேசையை மடிக்கும்போது விடுவிப்பு நெம்புகோல் முழங்காலுக்கு நேரே வருகிறது, 300 போதும். விளக்கை வலதுகைக்காரனான எனக்கு இடப்பக்கம் மாட்டியது சரி. ஆனால் அதன் பல்பில் வண்ணங்கள் பகலில் பார்ப்பதுபோல் இல்லை, பச்சையும் நீலமும் மாறித் தெரிகின்றன. நிறக்காட்டும் எண் (நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்பதன் அளவு, சிஆர்ஐ) 90க்கு மேல் உள்ள பல்பு வாங்க வேண்டும். நீல அச்சுக்குப் பூசும்போது அதை அணைத்துவிட்டுக் குண்டு பல்பைப் போட வசதியாக இரண்டு சுவிட்சும் மேசைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும்.

அச்சு காய இடமும் போதவில்லை. அடுக்குக்கு மேலே சுவரில் 900 மி.மீ. அகலத்துக்கு இரண்டு கம்பி இழுத்து, ஒவ்வொன்றிலும் பத்துக் கிளிப் கோர்க்கப் போகிறேன். கம்பிகளுக்கு நடுவே 350 மி.மீ. விட்டால் ஏ4 தாள் ஒன்றையொன்று தொடாமல் தொங்கும்.